பச்சை இலை போட்ட பிஸ்கட்

புரட்டாசி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் வீடு கட்ட ஆரம்பிக்க மாட்டார்கள். கடக்கால் தோண்ட மாட்டார்கள், கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். கடையில் சிமெண்ட் மூட்டைகள் சும்மா கிடந்து கட்டி தட்டும். இது தெரிந்துதான் சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் அந்த மாதத்தில் டீலர்களை எங்காவது கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் மூணாறு. இந்த வருஷம் பாங்காக்.

எனக்கு உத்திரமேரூர் பஜாரில் சிமெண்ட், கம்பிக் கடை. படிப்பு பத்தாவதோடு சரி. வியாபாரப் பேச்சு தவிர வேறு பேச்சு எனக்கு வராது. கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு நேராக மோருக்குப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனிடம், கிளம்புவதற்கு முந்தின நாள், என் தங்கை வசந்தாவும் அவள் மகள் சந்தியாவும் வந்து ஒரு வேலையை ஒப்படைத்தார்கள்.

"மாமா, நீதான் அப்பாகிட்ட பேசணும். அஞ்சு நாளு கூடவே இருக்கப்போற. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றாள் சந்தியா.

விஷயம் இதுதான். சந்தியாவுக்கும், கூரத்தைச் சேர்ந்த விக்னேஷ் என்ற பையனுக்கும் ஆவணியில் நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். பையனுக்கு ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போது சந்தியா விளையாட்டாக, "கெட்ட பழக்கம் எதனா உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். காலேஜில் ரெண்டு தடவை கஞ்சா இழுத்துப் பார்த்ததாகவும் பிறகு தொடவே இல்லை என்றும் பையன் உள்ளதைச் சொல்லிவிட்டான். இவள் அதைச் சிரிப்பாக அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொல்ல, அதோடு சிரிப்பு நின்றது. "கஞ்சா குடிக்கிக்கு என் பொண்ணு கெடையாது" என்று அவள் அப்பா எத்திராஜ் முடிவு கட்டிவிட்டார்.

கூரத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் புரட்டாசியில் நல்ல காரியம் பேசக்கூடாது. நல்ல காரியத்தை நிறுத்துவதையும் பேசக்கூடாதாம், எத்திராஜின் கணக்கில். ஐப்பசி முதல் தேதி போகலாம் என்று வைத்திருந்தார். நாங்கள் திரும்பி வருவது புரட்டாசிக் கடைசியில்.

எத்திராஜ் யார் என்று சொல்ல வேண்டும். அவரும் சிமெண்ட் டீலர்தான், சாலவாக்கம் ரோட்டில் கடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. அப்போது "டேய் எத்தி" என்பேன். என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து "வாங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள." வீட்டு மாப்பிள்ளையை அப்படித்தான் கூப்பிட வேண்டும். இருபது வருஷம் கூடவே சுற்றினவனிடம் ஒரே நாளில் மரியாதை வந்து, அதோடு மனசுவிட்டுப் பேசுகிற வழியும் அடைத்துக்கொண்டது. அவர் மட்டும் பழையபடி "இன்னா மச்சான்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஏரி மதகுப் பக்கம் எங்கள் செட்டில் பீடித் தூளை உதறிவிட்டு அதில் வேறு சரக்கை அடைக்கிற வேலையை மிகச் சுத்தமாகச் செய்தவர் இதே எத்திராஜ்தான். வெற்றிலை பாக்கு விற்கிற ஆளிடமே பொட்டலம் கிடைக்கும். சாமியார்களும் வண்டிக்காரர்களும் வாங்குவார்கள், நாங்களும் வாங்குவோம். வீட்டில் தெரிந்தால் அடி விழும், ஆனால் சினிமாவுக்குப் போனதற்கும் அதே அடிதான். ஒரு மத்தியானம் எத்திராஜ் இழுத்துவிட்டு, ஏரி உடைந்துகொண்டிருக்கிறது என்று பஜாருக்கு ஓடிப்போய்ச் சொல்லி, ரெண்டு கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அது வெயில் காலம். ஏரியில் எருமை மேய்ந்துகொண்டிருந்தது.

பிறகு எல்லாம் மாறிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பொட்டலம் என்று செய்தி வருகிறது. என் மகன் பையை நானே அவன் குளிக்கிற நேரத்தில் தடவிப் பார்த்திருக்கிறேன். எத்திராஜ் ஊரில் போதை ஒழிப்புக் கமிட்டித் தலைவர். ஊர்வலத்தில் பதாகையைப் பிடித்து முன்னால் நடப்பார். பதாகையில் ஒரு மண்டையோடும் ஒரு ஊசியும் இருக்கும்.

முதல் நாள் பாங்காக்கில் இறங்கியதும் எத்திராஜுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை ஆரம்பித்தது. புரட்டாசி முழுக்க அவர் சைவம். அந்த ஊரிலோ கீரைக் கடைசலில்கூட மீன் சாறு ஊற்றுகிறார்கள். காலையில் ஓட்டலில் பதினைந்து பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு, தர்பூசணியும் ரொட்டியும் எடுத்து வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், நாஷ்டாவே இப்படி பேஜாரா கீதே."

"ராத்திரி இந்தியன் சாப்பாடு போடுவாங்களாம் மாப்ள."

"ராத்திரி வரைக்கும் நான் இருக்கணுமே."

எங்களோடு இருந்த மூன்றாவது ஆள் டேவிட், மதுராந்தகத்தில் டைல்ஸ், சிமெண்ட் கடை வைத்திருப்பவர். எங்களைவிட நாலைந்து வயது சின்னவர், இங்கிலீஷ் படிப்பார். அவர் தட்டில் எல்லாமே இருந்தது. எத்திராஜ் தன் தட்டைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்.

மத்தியானம் பஸ்ஸில் போகும்போது எத்திராஜின் முகம் மலர்ந்தது. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். தெருவுக்கு ரெண்டு கடை, பச்சை இலை படம் போட்ட போர்டு.

"பரவால்ல மச்சான். இந்த ஊர்ல இத்தினி சைவ ஓட்டலு கீது பாரு."

நம் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அதைப் பார்த்துத்தான் புரட்டாசியில் வாங்குவோம். இங்கே புள்ளிக்குப் பதில் இலை போட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படியேதான் நினைத்தேன். எங்கள் காலத்தில் நாங்கள் பொட்டலத்தில் பார்த்ததெல்லாம் காய்ந்த சருகும் குச்சியும் விதையும்தான். செடியில் இருக்கும்போது அந்த இலை எப்படி இருக்கும் என்று எங்கள் செட்டில் ஒருவனுக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் டேவிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாங்கண்ணா, ஒரு எடத்துக்குப் போலாம். அவர்கிட்ட சொல்லாதீங்க."

பச்சை இலைக் கடைக்குள் கூட்டிப் போனார். காஞ்சிபுரத்தில் நகைக் கடைக்குப் போனால் நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்களே, அந்த மரியாதை. ஏசி. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், மிட்டாய்க் கடை மாதிரி. மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். மோந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, கஞ்சா. காதெல்லாம் சூடாகி, யாராவது உத்திரமேரூர்க்காரர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"இது எல்லாமே... கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான் விக்கிறான். டாக்டர் சீட்டு மட்டும் வோணுமாம்."

டாக்டர் உள்ளேயே இருந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பெண். டேவிட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவர் இங்கிலீஷில் பேசப்பேச டேவிட்டின் தலை குனிந்துகொண்டே போனது. வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு காகிதம் மட்டும் இருந்தது. தினமும் எப்படி நடக்க வேண்டும் என்று படம் போட்ட காகிதம்.

"இன்னா சொன்னாங்க?"

"பிரஷர் எகிறிக் கெடக்குதாம். இது உனக்குக் குடுக்க மாட்டேன்னுட்டா. ஊறுகா சாப்பிடாதேன்னு சொல்றா." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சின்ன வயசுல போலீஸுக்குப் பயந்தோம். இப்ப போலீஸு இல்ல, பிரஷர் வந்து நிக்குது."

அந்தப் பச்சை போர்டுகள் என்ன கடை என்று எத்திராஜிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மிச்சப் பயணம் முழுக்கப் போதை ஒழிப்புப் பிரசங்கமாகிவிடும், பிறகு சந்தியா பேச்சை எப்படி எடுப்பது என்று தள்ளிப் போட்டேன். சந்தியா பேச்சையும் தள்ளிப் போட்டேன். ரெண்டு தடவை "மாப்ள" என்று ஆரம்பித்து, ரெண்டு தடவையும் "தண்ணி வோணுமா?" என்று முடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் படுத்திருக்கிற பெரிய புத்தரைப் பார்த்தோம். வழிகாட்டி மாலி என்ற தாய்லாந்துப் பெண். நம் ஆட்களை வருஷக்கணக்காகக் கூட்டிச் சுற்றி, "வாங்க, போலாம், சீக்கிரம், டாய்லெட் அங்க" என்கிற அளவுக்குத் தமிழ் பேசுவார். மத்தியானத்துக்கு மேல் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். படகில் ஓட்டலுக்குத் திரும்பலாம் என்று நாங்கள் மூன்று பேரும் துறைக்கு வந்தோம். நான் டிக்கெட் வாங்கப் போனேன், டேவிட் வறுத்த வாழைப்பழம் வாங்கப் போனார். எத்திராஜ் பெட்டிக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தார்.

ஆறு என்றால் கரை நிறையத் தண்ணீர். பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. படகில் கண்டக்டர் அம்மா ஒரு நீளமான தகர உருளையைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட்டும் சில்லறையும் அதற்குள்தான். எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நாங்கள் ஏறியது வேறு கொடி கட்டிய படகு, எங்கள் துறையில் நிற்காது என்று எங்கள் துறை பின்னால் போன பிறகுதான் தெரிந்தது.

எத்திராஜ் அதற்குக் கோபப்படவில்லை. அது எனக்கு ஆச்சரியம். தகர உருளையைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள?"

"ஒண்ணுமில்ல. கடகடங்குது." மறுபடி சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "மச்சான், ஆறு மேட்டுல ஏறிக்கினு கீது."

"ஆறு எப்படி மாப்ள ஏறும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் பேசினேனா, நெனச்சேனா?"

"பேசினீங்க."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

அவர் மடியில் ஒரு காலி பாக்கெட். டேவிட் எடுத்துப் பார்த்தார். முன்பக்கம் சிரிக்கிற மாதிரி ஒரு பச்சை இலை. பின்பக்கம் இங்கிலீஷ். படித்துவிட்டு டேவிட் வாழைப்பழத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணா, இதுல எத்தினி துண்ணீங்க?"

"எல்லாம். பச்சை போட்டிருந்துச்சு. அந்தக் கடைக்காரம்மா ஒரு பிஸ்கட்ட பாதியா ஒடச்சு, பாதியக் காட்டி, வெரல ஆட்டிச்சு. சாம்பிளுக்குக் குடுக்குதுனு அதையும் வாங்கித் துண்ணேன்."

"பாதிக்கு மேல துண்ணாதேன்னு சொல்லிருக்காங்கண்ணா. இது கஞ்சா பிஸ்கட்டு."

எத்திராஜ் பாக்கெட்டை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "டேவிட்டு, நான் செத்துட்டனா?" என்றார்.

"இல்லண்ணா. செத்தா டிக்கெட் கேக்க மாட்டாங்க."

கடைசித் துறையில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது, பக்கத்தில் மாங்காய் விற்கிற ஒரு அம்மா. எத்திராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு நின்றுவிட்டால் தனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் தங்கை முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. டேவிட் மாலிக்குப் போன் போட்டார். வண்டியோடு வருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் மாலி.

"ஆஸ்பத்திரி வோணாம். பேரு எழுதுவான், ஊரு எழுதுவான். நான் கமிட்டித் தலைவரு" என்றார் எத்திராஜ். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பையனுக்குப் போனு போடு."

"எந்தப் பையன் மாப்ள?"

"கூரத்துப் பையன்டா. அவனுக்குத்தான் இது தெரியும். நமக்குத் தெரிஞ்சவங்கள்ல படிச்சவன் அவன் ஒருத்தன்தான்."

போட்டேன். வீடியோவில் விக்னேஷின் முகம், பின்னால் கேண்டீன் சத்தம். என் மூஞ்சியைப் பார்த்ததும் பயந்துவிட்டான். நான் திக்கித் திணறிச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மார்ல வலி கீதானு கேளுங்க அங்கிள். கைக்கு எறங்குதா?"

இல்லை என்றார் எத்திராஜ்.

"சரி, போனை மாமாகிட்ட குடுங்க." எழுந்து சத்தமில்லாத இடத்துக்கு நடந்தான். "மாமா, என்னைப் பாருங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. ரெண்டு மூணு மணி நேரம் ரொம்பப் பேஜாரா இருக்கும், அப்றம் தூக்கம் வந்துடும். அதுக்கும் மேல எதனா ஆச்சுனா ஆஸ்பத்திரிதான், மானம்லாம் பாக்கக் கூடாது. எனக்கு ரெண்டாவது தடவை இப்படித்தான் ஆச்சு. அன்னிக்கோட வுட்டேன்."

"மூச்சு முட்டுதுப்பா."

"மூச்ச நெனைக்காதீங்க. வேற எதனா பேசலாம். உத்திரமேரூர்லேர்ந்து காஞ்சிபுரம் பஸ்ஸு ஏறினா எந்தெந்த ஊரு வரும், சொல்லுங்க."

எத்திராஜ் கண்ணை மூடினார். "உத்திரமேரூரு. திருப்புலிவனம். அப்பறம்... மாகரல்." நின்றுவிட்டார். "அப்பறம் இன்னா?"

"மொதல்லேர்ந்து வாங்க மாமா."

மறுபடி உத்திரமேரூர். மறுபடி திருப்புலிவனம். மறுபடி மாகரலில் நின்றது. எத்தனை தடவை என்று தெரியாது. அவர் கை ரெண்டும் தாமாக, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தன. மாங்காய் விற்ற அம்மா ஒரு துண்டு மாங்காயில் உப்பைத் தொட்டு அவர் வாயருகே நீட்டினார். எத்திராஜ், சீட்டு கொடுத்தவருக்கு நன்றி சொல்கிற பயணி மாதிரித் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

"மாகரல் தாண்டவே முடியல மாப்ள" என்றார் போனைப் பார்த்து. குரல் உடைந்திருந்தது.

மாப்ள என்றது என்னைத்தான் என்று முதலில் நினைத்தேன். அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பரவால்ல மாமா. மாகரல்ல எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுக் கெளம்பலாம். அவசரம் ஒண்ணுமில்ல" என்றான் விக்னேஷ்.

குடித்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "களக்காட்டூரு" என்றார். "பாலாத்துப் பாலம். ஓரிக்கை." தலை என் தோளில் சாய்ந்தது. பையன் போனை வைக்கவில்லை. மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவன் சொல்ல, நான் போனை எத்திராஜின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு அன்றைய ஷிப்டு போயிருக்கும் என்று தோன்றியது, கேட்கவில்லை.

மாலி வந்தபோது மாங்காய் அம்மா அவரிடம் என்னவோ சொல்ல, ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். மாலி சொன்ன அரைத் தமிழை நான் முழுசாக்கித் தருகிறேன்: "என் வீட்டுக்காரரும் ஒரு தடவை தெரியாமல் தின்றார். அவர் அழுதுகொண்டே இருந்தார். இவர் பரவாயில்லை, வண்டி ஓட்டுகிறார்."

நான்காம் நாள் எத்திராஜ் அறையைவிட்டு வரவில்லை. டேவிட் அவருக்குத் தயிர் சாதம் தேடிக் கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் விமானம். சென்னையில் இறங்கி, ஊருக்கு வருகிற வேனில் செங்கல்பட்டு தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். டேவிட் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான். அந்த சம்மந்தம் வோணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மாப்ள? பையன் எப்படிப் பாத்துக்கினான்..."

"அதான். பாத்துட்டான் இல்ல? நான் ஸ்டியரிங் சுத்தினதைப் பாத்துட்டான். நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அவன் என்னை வந்து 'மாமா'னு கும்புட்டா எனக்கு மாகரல்தானே ஞாபகத்துக்கு வரும்? ஐப்பசி ஒண்ணாந்தேதி போய்ச் சொல்டறேன்."

போன வாரம் வரை பையன் கஞ்சா குடித்தான் என்று கல்யாணம் நின்றது. இப்போது மாமனார் கஞ்சா தின்றார் என்று நிற்கப் போகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊர் வந்துகொண்டிருந்தது. வீட்டில் ரெண்டு பேர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், அவருக்காக இல்லை. "தண்ணி வோணுமா?" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நிறுத்திடலாம் மாப்ள" என்றேன். "ஒண்ணே ஒண்ணு மட்டும். கட்டிக்கினான்னா அவன் நம்ம வூட்டுப் பையன். மாமனார் மானம் அவன் மானம். சாவற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டான். நிறுத்திட்டோம்னு வையுங்க, அவன் யாரோ, நாம யாரோ. கஞ்சா குடிச்சான்னு பொண்ணு குடுக்கலனு ஊரே அவனைக் கேக்கும். அவன் எதுக்கு சும்மா இருப்பான்? கூரத்துல சொல்லுவான். கூரத்துலேர்ந்து ஓரிக்கைக்கு எவ்ளோ தூரம், ஓரிக்கைலேர்ந்து நம்ம ஊருக்கு எவ்ளோ தூரம்?"

என் ஆயுளில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். முடித்ததும் எனக்கு வேர்த்திருந்தது. எத்திராஜ் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்படிச் சொல்றியா?"

"பையன் நல்ல பையன். ஆனா யாரா இருந்தாலும் கோவம் வரும் இல்ல."

முன்சீட்டிலிருந்து டேவிட் திரும்பாமலே சொன்னார்: "நானும் எங்கயும் சொல்ல மாட்டேண்ணா. ஆனா எனக்கும் கல்யாணச் சாப்பாடு வோணும்."

தூங்கவே இல்லை போலிருக்கிறது.

எத்திராஜ் வீட்டில் வண்டி நின்றது. வசந்தாவும் சந்தியாவும் வாசலுக்கு வந்து, அவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பெட்டியை இறக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். எத்திராஜ் செருப்பைக் கழற்றினார். காலண்டர் மாட்டியிருக்கிற சுவருக்கு நேராகப் போனார். புரட்டாசித் தாளைத் தூக்கி அடுத்த மாதத்தைப் பார்த்தார்.

"வசந்தா, தை வரைக்கும் இன்னாத்துக்கு இழுத்துக்கினு? ஐப்பசியிலேயே நாளு கீதானு ஐயரைக் கேளு. முன்னாடியே எது வருதோ அதைப் புடி."

சந்தியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வசந்தா மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னாண்ணா சொன்னே அவர்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "அந்த ஊரு சாப்பாடு அவருக்கு ஒத்துக்கிச்சு."